ஷிராஸும் றோஸியின் நல்ல பெயரும்

கொட்டாஞ்சேனையில் றோஸி வீட்டு வைனைப் பற்றிக் கேள்விப்படாத கத்தோலிக்க வீடு கிடையாது. செப்டெம்பர் பிறந்தால் போதும், முந்திரிகை வத்தலைக் கொத்தி, சீனி, ஈஸ்ட், கராம்பு, கறுவா எல்லாம் போட்டுச் சாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவாள். நத்தாருக்கு முதல் கிழமை வடித்து, கருக்கின சீனியால் நிறம் ஏற்றி, நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேக்கோடு ஊற்றிக் கொடுப்பாள். முட்டைக் கோது அளவு கிளாஸ். பாதர்கூட "இன்னொண்டு தாங்கோ றோஸி" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். அந்த முட்டைக் கோதுக்கு மேல் ஒரு சொட்டு றோஸி தன் ஐம்பத்தொரு வயதில் குடித்ததில்லை. குடித்தவன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுகிற ஆள். மரியாயின் சேனையில் தலைவி, ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியை, வேறென்ன வேண்டும்?

அப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய அண்ணன் ரெனால்ட் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ரெனால்ட் மெல்பேர்ணுக்குப் போய் இருபத்திரண்டு வருடம். வந்தால் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பிளாட்டை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வான். கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கச் சொன்னால், "ஏசி இல்லாம எனக்கு நித்திரை வராது" என்பான். கிராண்ட்பாஸ் ரோட்டு லொறி இரைச்சலில் வளர்ந்த மனுசன்! திங்கட்கிழமை பின்னேரம் த்ரீவீலில் வந்து இறங்கினான். "மல்லி, பொட்டக் இன்ன" என்று டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டருக்குள் சுற்றியிருந்த போத்தலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"றோஸி, இதைப் பத்திரமா வை. ஞாயிற்றுக்கிழமை உங்கட இருபத்தஞ்சாவது கலியாண நாளுக்கு நான் வந்து என்ர கையாலதான் திறப்பன்."

"என்ன அண்ணா இது, இருமல் மருந்து மாதிரிக் கறுப்பா?"

"ஷிராஸ் எண்டு சொல்லுறது. சிவப்பு வைன்."

"வைனா? என்னட்ட இல்லாத வைனா?"

ரெனால்ட் வாய்விட்டுச் சிரித்தான். "நீ காய்ச்சிறது வைன் இல்லடி, சீனிப் பாணி. பாணைத் தோய்ச்சுத் தின்னலாம்."

றோஸியின் கணவன் இராஜநாயகம் துறைமுகத்தில் கிளார்க். பொதுவாக மனைவியை விட்டுக்கொடுக்காத ஆள். அன்றைக்கு அவனும் சேர்ந்து சிரித்தான். றோஸிக்கு அதுதான் சுருக்கென்றது.

"சரி, அப்ப இது என்ன ருசி? சொல்லுங்கோவன் பாப்பம்."

"சொன்னா விளங்காது. வைனைப் போத்தலில அடைக்கிற பக்டரியில பதினெட்டு வருசம் நிண்டவன் நான், எனக்கே சொல்ல வராது. குடிச்சாத்தான் தெரியும்."

போத்தல் மேசைக்கு வந்ததும் ஒருவன் மட்டும் எழுந்து, "தண்ணி மோட்டரைப் பாத்திட்டு வாறன்" என்று பின்பக்கம் போனான். இராஜநாயகத்தின் தம்பி ரொனி. இருபது வருடக் குடி. துறைமுக வேலை போனது, கட்டினவள் போனாள், பல்லும் இரண்டு போனது. கடைசியில் றோஸிதான் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கொச்சிக்கடை அந்தோனியார் முன் முழந்தாளில் வைத்து நேர்த்தி வைக்கப் பண்ணினாள். இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. ஒரு சொட்டு தொடவில்லை. இராஜநாயகம் தெரிந்தவரிடம் சொல்லிப் புதுக்கடையில் ஒரு லோயரிடம் பைல் கொண்டு திரிகிற வேலை எடுத்துக் கொடுத்தான், பின் அறையையும் கொடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை. "ஒரு சொட்டு உள்ளுக்குப் போச்சோ, அண்டைக்கே நீ வெளியில. பிறகு நான் அண்ணன் இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு றோஸி இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு அலுமாரியைத் திறந்தாள். போத்தல் அவளைப் பார்த்தது. பாணியாம்! அப்படி இதில் என்ன இருக்கிறது என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் குடியா முழுகிவிடும்? தக்கை அடித்த போத்தலாக இருந்திருந்தால் அந்த நினைப்பு அதோடு போயிருக்கும். இது திருகுமூடி. திருகினாள். "டக்" என்று வளையம் உடைந்தது. உடைந்த வளையத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. சரி, உடைந்தது உடைந்ததுதானே என்று முட்டைக் கோதுக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாள்.

தூ! சீனி என்று ஒரு மணி இல்லை. பழுக்காத நாவற்பழத்தைக் கடித்த மாதிரி நாக்கும் பல் முரசும் இழுத்துப் பிடித்தன. இதையா பதினாலு மணித்தியாலம் பிளேனில் காவிக்கொண்டு வந்தான் விசரன் என்று மனதுக்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டு மூடிவைத்தாள். பெரிய வெற்றி பெற்ற சந்தோஷம்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு வேலை நடந்தது. கறிக்கு உப்புப் பார்க்க ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டாள். மிளகு தூக்கலாக வறுத்துப் போட்ட கறுத்தக் கறி. அந்த உறைப்பு நாக்கில் இருக்கும்போது, அந்த வைனின் மிச்ச வாசம் தொண்டைக்குள்ளிருந்து எழும்பி வந்து கறியைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அவள் கறியில் போட்ட மிளகு வேறு, இது வேறு ஒரு மிளகு. இரண்டும் எங்கேயோ ஒன்றாகப் படித்தவை போல. றோஸி அகப்பையை வைத்துவிட்டு மறுபடி அலுமாரியைத் திறந்தாள்.

புதன்கிழமை "நேற்று குடித்தது சரியா என்று பார்க்க" ஒரு கிளாஸ். இழுப்பு குறைந்திருந்தது. நன்றாகப் பழுத்த நாவற்பழம், அதற்கு அடியில் புகை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குசினி யன்னலால் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சாறத்தைப் பார்த்தபடி நின்றாள். உடம்புக்குள் யாரோ விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்தக் குசினியில் நிற்கிறாள். அங்கே தனக்கென்று ஒரு பொருள் இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது கிளாஸ் அந்த நினைப்புக்கு.

வியாழக்கிழமை முட்டைக் கோதுக் கிளாஸை விட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்கு வந்திருந்தாள்.

அன்று பன்னிரண்டு மணிக்கு வாசல் கதவு திறந்தது. ரொனி.

"பைல் ஒண்டை மறந்திட்டுப் போட்டன் அண்ணி."

றோஸி கோப்பையைச் சிங்கில் கவிழ்த்துவிட்டு ஏலக்காய் இரண்டை வாயில் போட்டுக் கடித்தாள். "சாப்பிட்டிட்டுப் போவன்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். அவன் குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். "வேணாம் அண்ணி, நேரம் போச்சு" என்று போய்விட்டான். அன்று பின்னேரம் செபமாலை சொல்லும்போது அவளுக்குக் காரணம் தெரியாமல் அழுகை வந்தது. வெள்ளிக்கிழமையோடு நிற்பாட்டிவிடுவேன் என்று மாதாவுக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை போத்தலில் கால்வாசிதான் மிச்சம்.

சனிக்கிழமை, நாளைக்கு அண்ணன் வந்து திறப்பானே என்ற பயம் பிடித்தது. பிறகு கைப்பக்குவத்தில் நம்பிக்கை வந்தது. போன நத்தார் வைனில் எடுத்துவைத்த மிச்சம் இருந்தது. அதைப் போத்தலுக்குள் ஊற்றினாள். இனிப்பை அடக்க வேண்டுமே? சாயம் கறுக்கக் கறுக்க ஒரு பிளேன்டீ ஊற்றி ஆறவைத்துச் சேர்த்தாள். நாக்கை இழுக்கிறதுக்கு அது போதும். கொஞ்சம் வினாகிரி. மிளகு அவித்த தண்ணீர் இரண்டு கரண்டி. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அதே கறுப்பு. ருசி பார்த்தாள், அதுவும் பரவாயில்லை போலத்தான் இருந்தது. மூடியை இறுக்கிப் பூட்டி, ரெனால்ட் சுற்றிவந்த ஸ்வெட்டரையே சுற்றி வைத்தாள்.

ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் மேசையில். இராஜநாயகம் புது சேட்டு. மகள் நிலூஷா கேக் ஓடர் பண்ணி எடுத்திருந்தாள். ரொனிக்கு முன்னால் ஜிஞ்சர் பியர். ரெனால்ட் எழுந்து நின்று போத்தலைக் கையில் எடுத்தான்.

"மச்சான், இப்ப பார் சத்தத்தை" என்று திருகினான்.

சத்தம் வரவில்லை.

அவன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். கிளாஸில் ஊற்றினான், சுழற்றினான், மணந்தான். ஒரு வாய் குடித்தான். குடித்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. றோஸி கறிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி" என்றான் ரெனால்ட் கடைசியில். "கராம்பு வேற. றோஸி, இது உன்ர பாணியெல்லோ? ஆரோ குடிச்சிட்டு நிரப்பி வைச்சிருக்கினம்."

பெயர் சொல்லத் தேவை இருக்கவில்லை. எல்லாக் கண்ணும் ஜிஞ்சர் பியர் கிளாஸுக்குப் போயின.

"ரொனி" என்றான் இராஜநாயகம். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் தொடேல்ல அண்ண."

"இந்தச் சொல்லை நான் இருபது வருசம் கேட்டனான்."

"டடி, சித்தப்பா அப்பிடிச் செய்ய மாட்டார்" என்றாள் நிலூஷா.

"உனக்குத் தெரியாது பிள்ள. பெப்பர்மின்ட் போட்டுக்கொண்டு வந்து பைபிளில சத்தியம் பண்ணினவன் இவன். வேற ஆர் இந்த வீட்டில குடிக்கிறது? நானா? உன்ர மம்மியா?"

"உன்ர மம்மியா" என்றபோது ரெனால்டுக்குக்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. றோஸி அந்தச் சிரிப்பைக் கண்டாள். ஒரு சொல், 'நான்' என்ற ஒரு சொல், சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தாள்.

"சோறு ஆறுது" என்றாள்.

அதுதான் வந்தது. தன் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு சொல்லை அவளே கேட்டுக்கொண்டு நின்றாள். கறிக் கோப்பை கையைச் சுட்டது, கீழே வைக்கவில்லை.

ரொனி மெதுவாக எழுந்தான். அவளை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ நல்லது. பின் அறைக்குப் போய், ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடு பின்கதவால் வெளியே போனான்.

கோப்பையை மேசையில் வைத்ததும் றோஸிக்குக் கால் தானாகப் போனது. ஒழுங்கை முடிகிற இடத்தில், குழாயடியில் அவனைப் பிடித்தாள். மூச்சு இரைத்தது. "ரொனி, நில்லு. அது... நான்தான்..."

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை தெரியும். ஏலக்காய் கடிச்சா வாசம் போகாது. இருபது வருசம் கடிச்சுப் பாத்தவன் நான்."

றோஸிக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குழாயடியில் வாளி வைத்துக்கொண்டு நின்ற பெண்ணொருத்தி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு ஏன் நீ அங்க வாய் திறக்கேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? அண்ணி குடிக்கிறா எண்டா? ஆர் நம்புவினம்? நம்பினாலும்..." பையைத் தோள் மாற்றினான். "என்ர பேர் ஏற்கனவே பழுதுதானே. இன்னொரு கறை பட்டா ஆருக்குத் தெரியப்போகுது? உங்கட பேர் வெள்ளைச் சீலை மாதிரி. அது இருக்கட்டும். நான் ஜிந்துப்பிட்டியில ஜீவராஜட அறையில போய் நிக்கிறன்."

ஜீவராஜின் அறையைப் பற்றி அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே தண்ணீர்ப் பானை இருக்காது, சாராயப் போத்தல் இருக்கும். ரொனி அங்கே போனால் திரும்பி வருகிற ரொனி வேறு ஆள்.

"இதில நில்லு" என்றாள் றோஸி. "ஒரு அடி எடுத்து வைச்சியெண்டா நான் செத்துப்போவன்."

திரும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "குடிச்சது நான்" என்றாள்.

இராஜநாயகம் பெருமூச்சு விட்டான். "றோஸி, உன்ர மனசு எனக்குத் தெரியும். அவனை நேர்த்திக்குக் கூட்டிக்கொண்டு போனது நீ. அதுக்காக உன்னில பழியைப் போடாத."

"இல்லப்பா, மெய்யா நான்தான்."

"மம்மி, ப்ளீஸ்" என்றாள் நிலூஷா. "இது ஜோக் இல்ல."

ரெனால்ட் தலையை ஆட்டினான். "விடு தங்கச்சி. போத்தல்தானே. அவனைக் காப்பாத்திறன் எண்டு நீ பொய் சொல்லாத, பாவம்."

றோஸி அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர். அது இப்போது அவளுக்கு முன்னால் மதில் மாதிரி எழும்பி நின்றது. ஒரு செங்கல்கூட அசையவில்லை. அதை உடைக்கிறதுக்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு சாமான்தான். அதை எடுத்து மேசையில் வைக்க அவளுக்கு நாக்குக் கூசியது.

"அண்ணா, நீங்கதானே சொன்னீங்க, குடிச்சவைக்குத்தான் தெரியும் எண்டு? கேளுங்கோ. முதல் நாள் அது இழுத்துப் பிடிக்கும். பழுக்காத நாவற்பழம் மாதிரி. முரசு எல்லாம் காயும். எனக்குத் துப்ப வேணும் போல இருந்தது. ஆனா விழுங்கின பிறகு கொஞ்ச நேரம் கழிச்சு, தொண்டைக்குள்ள இருந்து ஒரு மிளகு வாசம் எழும்பி வரும். மிளகு உறைப்பு இல்ல, வாசம் மட்டும். அதோட இந்தக் கறியில ஒரு துண்டைக் கடிச்சா, ரெண்டும் ஒண்டை ஒண்டு தேடிக்கொண்டு இருந்த மாதிரி."

ரெனால்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ரெண்டாம் நாள் அந்த இழுப்பு இல்ல. காத்துப் பட்டதோ என்னவோ, அடங்கிப் போச்சு. பழம் கனிஞ்ச மாதிரி. அதுக்குக் கீழ ஒரு புகை, அடுப்புக்கு மேல கட்டிக் காயவைச்ச இறைச்சி மாதிரி. மூண்டாம் நாள் புதுச் செருப்பு வாங்கிப் பெட்டி திறந்தா ஒரு வாசம் வருமே, அது. அண்டைக்குத்தான் நல்லா இருந்தது. அண்டைக்கு நான் கோப்பையால குடிச்சன். வாய் நிறைய எடுத்து, உடன விழுங்காம வைச்சிருந்தா, நாக்கில பட்டுத் துணி போட்ட மாதிரி..." சொல்லச் சொல்ல அவளுடைய குரல் இளகிப்போனது, கண் எங்கேயோ போனது. மகள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும்தான் திடுக்கிட்டு நிறுத்தினாள். "நாலாம் நாள் புளிப்புத் தலை காட்டிச்சு" என்று மெல்லச் சொல்லி முடித்தாள். "அப்பவும் குடிச்சன்."

ரெனால்ட் போத்தலைத் தள்ளி வைத்தான்.

"மச்சான்" என்றான் ரெனால்ட் மெதுவாக. "இவள்தான் குடிச்சிருக்கிறாள். குடிகாரன் எண்டா ஒரே மூச்சில முடிச்சிருப்பான். இது நாலு நாள் வைச்சு வைச்சுக் குடிச்ச கதை. பதினெட்டு வருசத்தில என்ர வாயில வராததை இவள் சொல்லிப்போட்டாள்."

இராஜநாயகம் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தன் வீட்டுக்குள் புதிதாக ஓர் ஆள் வந்து நிற்கிற மாதிரிப் பார்த்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நிலம் வெடித்துத் தன்னை விழுங்காதா என்று காலடிச் சீமெந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனை நான் துரத்தேக்க நீ இதிலதானே நிண்டனீ" என்றான் அவன்.

"ஓம்."

"சோறு ஆறுது எண்டனீ."

"ஓம்."

அவன் செருப்புக்கூடப் போடாமல் எழுந்து பின்கதவால் போனான். திரும்பி வரக் கால்மணி நேரம் எடுத்தது. அந்தக் கால்மணி நேரமும் றோஸி உட்காரவில்லை. யாரும் அவளை உட்காரச் சொல்லவும் இல்லை. நிலூஷா போனை எடுத்துப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருக்கால் நிமிர்ந்து, "சித்தப்பாவை நான் மட்டும்தான் நம்பினன், மம்மி" என்றாள். பிறகு போனுக்குள்ளேயே போய்விட்டாள்.

அண்ணனும் தம்பியும் வந்தார்கள். இராஜநாயகம்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டானோ என்னவோ, அவன் வாயில் அப்படிச் சொற்கள் லேசில் வராது. "இவனுக்குச் சோறு போடு" என்றான், றோஸியைப் பாராமல்.

அவள் போட்டாள். ரொனி, "காணும் அண்ணி" என்றான், எப்போதும் சொல்கிற மாதிரியே. அந்த "எப்போதும் போல" அவளை இன்னும் குறுக வைத்தது.

ரெனால்ட் ஒரு துண்டு இறைச்சியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தான். "சரி சரி, போனது போகட்டும். அடுத்த முறை வரேக்க ரெண்டு போத்தல் கொண்டுவாறன்."

"வேணாம் அண்ணா!" என்றாள் றோஸி.

சத்தமாகத்தான் சொன்னாள், வேகமாகவும் சொன்னாள். மற்றவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வெட்கம்தான். ஆனால் "ரெண்டு போத்தல்" என்ற சொல் காதில் விழுந்த கணத்திலேயே அவளுடைய நாக்கடியில் எச்சில் ஊறிவிட்டிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும், இந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு. அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ரொனி மட்டும் சாப்பிடுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அந்த வேகம் விளங்கியது. பக்கத்துக் கதிரையைக் காலால் வெளியே தள்ளி, தண்ணீர் கிளாஸ் ஒன்றை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தான்.

றோஸி உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிராமல் அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.